மின்வடிவப் பழைய நூல்களில் இரவல் விதிகளின் தடயங்கள்

முன்னுரை

மின்வடிவில் கிடைக்கும் பழைய நூல் ஒன்றைத் திரையில் திறப்பவர் முதலிற் காண்பது பெரும்பாலும் அந்நூலின் தலைப்புப் பக்கம் அன்று. அட்டையின் உட்புறத்தில் ஒட்டிய ஒரு தாள், அத்தாளில் கோடிட்ட கட்டங்கள், கட்டங்களுள் மங்கிய நாள் முத்திரைகள், ஒரு சேர்க்கை எண், நூல்நிலையத்தின் பெயர் பொறித்த நீள்வட்ட முத்திரை ஆகியனவே முதலில் தோன்றுகின்றன. நாம் அவற்றை விரைந்து கடந்து நூலுக்குள் செல்கின்றோம். ஆசிரியர் எழுதாதவை, அச்சகத்தார் அச்சிடாதவை என்பதால் அவற்றை நூலின் பகுதியாகக் கருதும் வழக்கம் நம்மிடையே இல்லை. நூற்பட்டியல்களும் பொதுவாக அவற்றைக் குறிப்பதில்லை.

ஆயினும் அத்தாள் ஒரு விதியின் எச்சமாகும். இன்ன நாளுக்குள் திருப்பித் தருக, தவறின் இவ்வளவு தண்டம் செலுத்துக, தொலைத்தால் ஈடு செய்க என ஒரு நிறுவனம் தன் வாசகரிடம் கூறிய சொற்கள் அதில் உள்ளன. ஒரு நூல் எத்தனை முறை வெளியே சென்றது, எப்போது செல்லாது நின்றுவிட்டது என்பவற்றிற்கு அத்தாளே பல வேளைகளில் எஞ்சிய ஒரே சான்று. பதிப்பு வரலாற்றில் தமிழாய்வு பெரிதும் முன்னேறியுள்ளது. வாசிப்பு வரலாற்றிற்கோ நம்மிடமுள்ள சான்றுகள் மிகக் குறைவு. இரவல் விதிகளின் தடயங்கள் மின்னூல்களில் எவ்வாறு தங்கின, அவற்றைப் படிப்பது எங்ஙனம், மலேசியத் தமிழ்ச் சூழலில், குறிப்பாகக் கோலா கங்சார் போன்ற தோட்டப்புற வட்டாரத்தில், அவற்றால் விளையும் பயன் யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

இரவல் என்னும் சொல்

இரவல் என்பது 'இர' என்னும் அடியிலிருந்து பிறந்த சொல். சங்க நூல்கள் காட்டும் இரவலர் புரவலரிடம் பரிசில் பெறுவோர். பெற்றதைத் திருப்பித் தரும் கடப்பாடு அவர்க்கில்லை. இன்றைய வழக்கில் அச்சொல் திருப்பித் தரவேண்டிய பொருளையே குறிக்கின்றது. தமிழக நூலகத் துறையினர் 'நூல் வழங்குதல்' என்பர். அச்சொல் நூலகத்தின் பக்கம் நின்று பேசுகின்றது. நம் பள்ளிகளில் வழங்கும் 'இரவல் பெறுதல்' வாசகரின் பக்கம் நின்று பேசுகின்றது. ஒரே செயலுக்கு இரு பார்வைகள். இக்கட்டுரை இரண்டாவதையே மேற்கொள்கின்றது.

அச்சுக்கு முற்பட்ட காலத்தில் சுவடியைத் தருவதும் மறுப்பதும் உடையவரின் விருப்பத்தைப் பொறுத்திருந்தன. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று சுவடி தேடிய வரலாற்றைத் தமிழாசிரியர் நன்கறிவர். 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் சீவகசிந்தாமணியை அவரிடம் ஒப்படைத்ததும் இரு மனிதரிடையே ஏற்பட்ட நம்பிக்கையின் விளைவே. அங்குச் சீட்டும் இல்லை, தவணையும் இல்லை. ஆளைப் பாராது அனைவர்க்கும் ஒன்றாக நிற்கும் விதி நிறுவனம் தோன்றிய பின்னரே சாத்தியமாகும். ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகம் 1645ஆம் ஆண்டு இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லசுக்கே நூலை வெளியே தர மறுத்தது. நூலை வெளியே விடுவதில்லை என்பது அதன் விதி. விதி மன்னர்க்கும் பொருந்தியது. நாம் காணும் தவணைச்சீட்டு அத்தகைய ஆளற்ற விதியின் எளிய வடிவமே. வேறுபாடு என்னவெனில், இங்கு விதி நூலை வெளியே விடுகின்றது.

மசூரியும் ஐதராபாத்தும்

இந்திய மொழிகளின் பழைய நூல்களை இணையத்தில் தேடியவர்கள் இரு சீட்டுகளைக் காணாதிருக்க இயலாது. ஒன்று ஐதராபாத் உசுமானியாப் பல்கலைக்கழக நூலகத்தினுடையது. மற்றொன்று மசூரியில் இந்திய ஆட்சிப் பணியினர்க்குப் பயிற்சியளிக்கும் லால் பகதூர் சாஸ்திரி தேசிய நிர்வாக அகாடமியின் காந்தி ஸ்மிருதி நூலகத்தினுடையது. 2000களின் தொடக்கத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தை நடுவாகக் கொண்டு, அமெரிக்கக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பத்து இலட்சம் நூல் திட்டத்தோடு இணைந்து, இந்திய மின்னூலகம் உருவாக்கப்பட்டது. அறிவியலாளர் ராஜ் ரெட்டி இம்முயற்சியின் முன்னோடி. படியெடுப்புக்குரிய நூல்கள் பல நூலகங்களிலிருந்து வந்தன. அம்மின்னூலகத்தின் தளம் பின்னர் இயங்காது போயினும் அதன் படிகள் பேரளவில் இணைய ஆவணக் காப்பகத்திற் சேர்க்கப்பட்டு இன்றும் கிடைக்கின்றன. அவற்றோடு சீட்டுகளும் வந்து சேர்ந்தன.

உசுமானியாச் சீட்டு சுருக்கமானது. அழைப்பெண், சேர்க்கை எண், ஆசிரியர், தலைப்பு ஆகியவற்றிற்கு இடம் விட்டு, கீழே இறுதியாகக் குறித்த நாளன்றோ அதற்கு முன்னரோ நூலைத் திருப்பித் தரவேண்டும் என ஆங்கிலத்தில் ஒரே தொடர் கூறுகின்றது. தண்டம் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

மசூரிச் சீட்டு இந்தியிலும் ஆங்கிலத்திலும் அமைந்தது. நூல் 15 நாட்களுக்கே தரப்படும். அவசரத் தேவை ஏற்பட்டால் அதற்கு முன்னரும் திரும்பக் கேட்கப்படலாம். தவணை கடந்தால் ஒரு நூலுக்கு ஒரு நாளைக்கு 25 பைசா தண்டம். வேண்டுகோளின்பேரில் நூலகரின் விருப்பப்படி தவணை நீட்டிக்கப்படும். இதழ்கள், அரிய நூல்கள், நோக்கு நூல்கள் வெளியே தரப்படா. தொலைந்தாலோ சிதைந்தாலோ அதே நூலை வாங்கித் தரவேண்டும், அன்றி இருமடங்கு விலை செலுத்தவேண்டும். இவ்வளவும் கூறியபின், இந்நூல் புதிதாகவும் தூய்மையாகவும் கைமாறிக்கொண்டும் இருக்க உதவுமாறு ஒரு வேண்டுகோள் இறுதியில் வருகின்றது. கட்டளையாகத் தொடங்கிய சீட்டு வேண்டுகோளாக முடிவது கவனிக்கத்தக்கது. நூல் அலமாரியில் பாதுகாப்பாக இருக்கவேண்டும் என்று அது கேட்கவில்லை. நூல் நகரவேண்டும் என்றே கேட்கின்றது.

பயிற்சிக்கு வந்து சில திங்களில் நாட்டின் பல திசைகளுக்கும் பிரிந்து செல்வோர்க்கு நூல் தரும் இடத்தில் விதி விரிவாக அமைவது இயல்பே. இருமடங்கு விலை என்னும் கடுமைக்கும் இதுவே காரணம் எனக் கருதலாம். விதியின் நீளம் வாசகர் மீதான நம்பிக்கையின் அளவைக் காட்டும் என்று பொதுவிதி வகுத்தல் பொருந்தாது. எனினும் எத்தகைய வாசகரை மனத்திற்கொண்டு அது எழுதப்பட்டது என்பதை ஒருவாறு உய்த்துணரலாம்.

சீட்டின் காலமும் நூலின் காலமும்

இவ்விடத்து ஆய்வாளர் தெளிவு பெறவேண்டிய செய்தி ஒன்றுண்டு. சீட்டின் காலமும் நூலின் காலமும் வேறு. மசூரி அகாடமி 1959இல் தொடங்கியது. 1972இல் சாஸ்திரியின் பெயரைப் பெற்றது. 'தேசிய' என்னும் அடை 1973இல் சேர்ந்தது. ஆகவே அப்பெயர் முழுமையாக அச்சான சீட்டு 1973க்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. அச்சீட்டு ஒட்டப்பட்ட நூல் 1920களில் அச்சானதாக இருக்கலாம். இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகள் அந்நூற்படி எங்கிருந்தது என்பதற்குச் சீட்டு விடை தராது. அதன் கீழே வேறொரு சீட்டோ வேறொரு முத்திரையோ மறைந்திருத்தல் கூடும்.

இந்திய நூல்களில் தண்டத் தொகை ஒரு நல்ல காலக்குறிப்பு. அணாக் கணக்கில் தண்டம் கூறும் சீட்டு 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளுக்கு முன் அச்சானது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அன்றுதான் பதின்ம நாணய முறை நடைமுறைக்கு வந்தது. 'நயா பைசா' எனக் குறித்தது 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. 'பைசா' என மட்டும் குறித்தது அதற்குப் பிற்பட்டது. நூலகங்கள் பழைய சீட்டுகளைத் தீரும்வரை பயன்படுத்துவது வழக்கமாதலின் இவ்வெல்லைகளைச் சற்று நெகிழ்ச்சியுடனேயே கொள்ளவேண்டும்.

மலேசியாவில் இவ்வுத்தி அவ்வளவாகப் பயன் தராது. தமிழர் 'வெள்ளி', 'காசு' என்றே எல்லாக் காலத்தும் வழங்கினர். 1975இல் 'ரிங்கிட்', 'சென்' என்பன அதிகாரப் பெயர்களான பின்னரும் தமிழில் அவ்வழக்கு மாறவில்லை. இங்குக் காலம் காட்டுவன ஊர்முகவரியும் மொழியுமே. கோலா கங்சார், பேராக் என்பவற்றின் பின் 'எப்.எம்.எஸ்.' என்னும் சுருக்கம் நிற்குமாயின் அம்முத்திரை கூட்டு மலாய் மாநிலங்களின் காலத்தது, அதாவது 1946இல் மலாயன் ஒன்றியம் அமைவதற்கு முன் செய்யப்பட்டது. 'மலாயா' என்பது 1963க்கு முன்னும் 'மலேசியா' என்பது அதன் பின்னும் பொருந்தும். ஆங்கிலச் சீட்டுகளின் இடத்தை மலாய்ச் சீட்டுகள் பிடித்தது 1967ஆம் ஆண்டுத் தேசிய மொழிச் சட்டத்தையும் 1970களின் கல்வி மாற்றங்களையும் ஒட்டியது. மலாய்ச் சீட்டிலும் எழுத்துமுறை உதவும். 1972ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் வல்லினச் சகர ஒலிக்கு இரண்டு உரோமன் எழுத்துகள் இடப்பட்டன. பின்னர் ஒன்றே போதுமென்றாயிற்று. 'பாச்சா' (படித்தல்) என்னும் சொல்லை இரண்டு எழுத்திட்டு அச்சிட்ட சீட்டு பழையது.

தமிழ் முத்திரைகளில் 'நூல்நிலையம்' என்னும் சொல்லே துணைசெய்யும். அதிலுள்ள 'லை' பழைய கொம்பு வடிவில் இருந்தால் 1978ஆம் ஆண்டுத் தமிழக அரசாணைக்கு முன் செய்த முத்திரை என ஊகிக்கலாம். சீர்திருத்த எழுத்து மலேசியாவில் பரவச் சில ஆண்டுகள் கூடுதலாயின என்பதையும், இரப்பர் முத்திரை ஒரு தலைமையாசிரியரின் பணிக்காலத்தையும் கடந்து உழைக்கும் என்பதையும் மறத்தலாகாது.

மற்றுமொரு குறிப்பு. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் மலாயாவின் ஆவணங்களில் ஜப்பானியப் பேரரசின் ஆண்டுக்கணக்கு இடம்பெற்றது. அதன்படி 2602 என்பது 1942 ஆகும். நாள் முத்திரைகளுக்கு நடுவே 2602 முதல் 2605 வரையிலான எண் ஒன்று காணப்படின் அதனை எழுத்துப் பிழையென ஒதுக்கிவிடலாகாது. போர்க்காலத்திலும் ஒருவர் நூல் இரவல் பெற்றார் என்பதற்கு அது சான்றாகும்.

சீட்டு விட்டுச்செல்வதும் விடாததும்

ஒரு தடயத்தின் அளவு நூலகம் மேற்கொண்ட வழங்கல் முறையைப் பொறுத்தது. 1890களில் அமெரிக்க நூலகர் நினா பிரவுன் வகுத்த முறையில் வாசகர்க்கு ஒரு சிறு பை வடிவச் சீட்டு உண்டு. நூலினுள் இருக்கும் அட்டையை எடுத்து அப்பையில் இட்டு, தவணை நாளின் வரிசையில் நூலகர் அடுக்கி வைப்பார். நூல் திரும்பியதும் அட்டை நூலுக்கும் பை வாசகர்க்கும் சென்றுவிடும். இருவரையும் இணைத்த சான்று அந்நொடியே கலைந்துவிடும். எஞ்சுவது நூலில் ஒட்டிய தவணைச்சீட்டின் நாள் மட்டுமே. இங்கிலாந்திலும் அதன் ஆட்சிப்பகுதிகளிலும் இம்முறை பரவலாக வேரூன்றியது.

அமெரிக்காவின் நியூவார்க் நகர நூலகத்தில் 1900ஐ ஒட்டி உருப்பெற்ற முறையோ வேறு. அதில் நூலட்டையிலேயே வாசகரின் எண்ணும் நாளும் எழுதப்படும். அட்டை நிறையும்வரை அது நூலின் பையிலேயே தங்கும். ஆகவே நியூவார்க் முறை நூலகத்திலிருந்து வந்த நூற்படியில் வாசகர் வரிசை ஒன்று எஞ்சும். பிரவுன் முறை நூலகத்திலிருந்து வந்த படியில் வாசகரற்ற நாள் வரிசை மட்டுமே எஞ்சும். மசூரிச் சீட்டில் இரவல் பெறுவோரின் எண்ணுக்குத் தனிக்கட்டம் உண்டு. உசுமானியாச் சீட்டில் நாளே முதன்மை. வரலாறு எதைச் சேமிக்கும் என்பதை வரலாற்றை நினையாமலேயே ஒரு நூலகர் முடிவு செய்துவிடுகின்றார்.

இதனால் எழும் அறச்சிக்கலையும் சுட்டவேண்டும். இன்னார் இன்ன நூலைப் படித்தார் என்பது அவரது தனிச்செய்தி. அமெரிக்க நூலகச் சங்கம் 1938ஆம் ஆண்டிலேயே வாசகர் பற்றிய செய்தியை வெளியிடலாகாது என்பதைத் தன் ஒழுக்க நெறியிற் சேர்த்தது. ஒரு நூற்றாண்டு கடந்த பதிவாயின் தடையில்லை. அமெரிக்க நாட்டு மன்சி என்னும் சிற்றூரின் நூலகத்தில் 1891 முதல் 1902 வரையிலான இரவல் பேரேடுகள் 2003ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டு, பின்னர் 2011இல் இணையத் தரவுத்தளமாக வெளியிடப்பட்டன. எவ்வகை வேலை செய்வோர் எவ்வகை நூலைப் படித்தனர் என்பதை அதில் தேடிக் காணலாம். தமிழ் நூலகம் ஒன்றுக்கு அத்தகைய தரவுத்தளம் இருப்பின் நாவல் வாசிப்புப் பற்றிய நம் பொதுக்கூற்றுகள் பல திருத்தம் பெறும். பேரேடுகள் எரிந்தும் செல்லரித்தும் போன இடங்களில் தவணைச்சீட்டே அடுத்த சான்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களுடன் அவற்றின் சீட்டுகளும் அழிந்தன. அதற்கு முன்னர் இரவல் சென்று திரும்பாது வாசகர் வீட்டிலேயே தங்கிய படி ஏதேனும் இருப்பின், அந்நூலகத்தின் விதிக்கு அதுவே சான்றாகும். விதியை மீறிய நூல் விதியைக் காப்பது விந்தையே.

வைப்பு நூலகங்களின் படிகள் இத்தகைய பயனைத் தருவதில்லை. பிரித்தானிய அருங்காட்சியக நூலகம் நூலை வெளியே தருவதில்லை. அதன் முத்திரையின் நிறம் நூல் வந்த வழியைக் காட்டும். நீலம் சட்டப்படி வந்தது, சிவப்பு விலைக்கு வாங்கியது, மஞ்சள் அன்பளிப்பு. ஆயினும் யார் படித்தார் என்பதை அது கூறாது. மின்வடிவாக்கத்திற்குத் தூய்மையான படியைத் தேர்வது பொதுவழக்கு. தூய்மையான படி என்பது பெரும்பாலும் எவரும் எடுத்துச் செல்லாத படி என்பதை நாம் எண்ணிப்பார்ப்பதில்லை. ஒரு பதிப்புக்கு ஒரு படி போதும் என்னும் கொள்கையால், பல கைகள் பட்ட பிற படிகள் கழிக்கப்படுகின்றன. அமெரிக்க வர்ஜீனியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆண்ட்ரூ ஸ்டாஃபர் 2014ஆம் ஆண்டு தொடங்கிய 'நூல் தடயங்கள்' என்னும் திட்டம் இக்கழிவை எதிர்த்தே எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களில் வாசகர் விட்டுச்சென்ற குறிப்புகளை அது திரட்டியது. நம் ஆய்வுலகில் 'பதிப்பு', 'படி' என்னும் சொற்களை மாற்றி மாற்றி வழங்கும் பழக்கமும் இக்கழிவுக்குத் துணைபோகின்றது எனலாம்.

கோலா கங்சாரும் தோட்ட அலமாரியும்

பேராக் மாநிலத்தின் அரச நகரமான கோலா கங்சாரில் 1877ஆம் ஆண்டு ஹியூ லோவின் காலத்தில் இரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்றெனக் கூறப்படும் முதுமரம் மாவட்ட அலுவலகத்தருகே உள்ளது. அம்மரத்தின் வழிவந்த தோட்டங்களுக்கே தமிழர் பெருந்தொகையாக வந்தனர். அதே நகரில் 1905ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மலாய்க் கல்லூரிக்கு நிறுவனப் பின்புலம் இருந்தது. ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி பர்ஜஸ் 1950களின் நடுப்பகுதியில் அங்கு ஆசிரியராக இருந்தார் என்பது பலரும் அறிந்தது. சில கல் தொலைவில் உள்ள தோட்டங்களின் நிலை வேறு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்கவேண்டும் என்றது. சட்டம் வேண்டியது பள்ளியைத்தான். நூலகம் ஆசிரியரின் முயற்சியைப் பொறுத்தது. தோட்டப்பள்ளி நூலகம் என்பது பெரும்பாலும் ஓர் அலமாரி, ஒரு சாவி, ஒரு பயிற்சிப் புத்தகம். அப்பயிற்சிப் புத்தகத்தில் மாணவர் பெயரும் நூற்பெயரும் நாளும் எழுதப்படும். அதுவே அப்பள்ளியின் இரவல் விதி.

இம்மாவட்டத்தைச் சேர்ந்த சுங்கை சிப்புட் நகரம் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. 1948 ஜூன் 16ஆம் நாள் அவ்வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பிய நிருவாகிகள் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. துன் வீ. தி. சம்பந்தனின் ஊரும் அதுவே. அங்கு 1954இல் மகாத்மா காந்தி கலாசாலை எழுந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில் 1960ஆம் ஆண்டு அவர் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டம் கைமாறியபோதும், இரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், மக்கள் இடம்பெயர்ந்தனர், பள்ளிகள் மூடப்பட்டன அல்லது நகரை நோக்கி நகர்ந்தன. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று எஞ்சியவை 500க்கும் சற்று மேற்பட்டவை. மூடப்பட்ட பள்ளியின் இருக்கைகளும் கரும்பலகையும் வேறு பள்ளிக்குச் சென்றன. அலமாரி நூல்களுக்கு அவ்வாறு இடம் கிடைத்தது அரிது. அவற்றுள் தப்பியவை தனியார் வீடுகளிலும் கோயில் அறைகளிலும் சில பள்ளிகளின் பின்னறைகளிலும் கிடக்கின்றன.

இந்நூல்களை மின்வடிவாக்கும்போது அவற்றின் பனுவல் புதியதாக இராது. அப்பதிப்புகளின் வேறு படிகள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ இருக்கலாம். இங்குள்ள படிக்கே உரியவை முத்திரை, சீட்டு, ஆசிரியரின் கையெழுத்துக் குறிப்பு ஆகிய மூன்றும்தாம். மதராசில் அச்சான ஒரு நூல் பேராக் தோட்டமொன்றில் படிக்கப்பட்டது என்பதை வேறெந்தப் படியும் சொல்லாது.

அம்முத்திரைகளை எண்ணும்போது ஓர் எச்சரிக்கை தேவை. தோட்டப்புறங்களில் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சுற்றியிருந்து கேட்டல் வழக்கமாயிருந்தது. 1924இல் தொடங்கி 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனும், 1935இல் தோன்றிய தமிழ் முரசும் அவ்வாறே பல காதுகளை எட்டின. ஆகவே சீட்டிலுள்ள ஒரு முத்திரைக்கு ஒரு வாசகர் எனக் கணக்கிடுவது நகர நூலகத்திற்குப் பொருந்தலாம். லயத்து வீட்டுக்குச் சென்ற நூலுக்குப் பொருந்தாது. முத்திரையே இல்லாத நூலும் படிக்கப்படாத நூல் ஆகாது. நூலகத்திலேயே அமர்ந்து படித்ததற்குச் சீட்டு சாட்சி சொல்வதில்லை.

மறுபுறம், நூலகத்தைக் கட்டியவர்களே அதன் இரவல் வட்டத்திற்கு வெளியே நின்ற நிலையும் உண்டு. 1950களில் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு வழியாக 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறையின் தமிழ் நூல் சேர்க்கைக்கு அது உதவியது. பொருள் தந்தோருள் உழைக்கும் மக்களும் இருந்தனர். பல்கலைக்கழக நூலகம் தன் உறுப்பினர்க்கே நூல் தரும் என்பது உலகெங்கும் உள்ள விதி. அவ்விதியிற் குற்றம் காண்பது நம் நோக்கமன்று. எனினும் அத்தகைய சேர்க்கைகள் மின்வடிவம் பெறுங்கால், முன்னர் இரவல் பெறும் தகுதி இல்லாதிருந்தோரின் பேரப்பிள்ளைகள் அந்நூலைத் திறக்கும் வாய்ப்பை அடைகின்றனர். அவர்கள் கண்ணில் முதலில் படுவது அத்தகுதியை வரையறுத்த சீட்டாக இருக்கும்.

எந்திரம் படிக்கும் முத்திரை

சீட்டுகள் இடையூறும் தருகின்றன. மின்வடிவப் பக்கங்களை எழுத்துணரி மென்பொருள் படிக்கும்போது சீட்டையும் நூலின் பகுதியாகவே கொள்கின்றது. அதனால் உசுமானியாப் பல்கலைக்கழகம் என்னும் தொடரை முழுப்பனுவலில் தேடினால் அப்பல்கலைக்கழகத்தோடு தொடர்பில்லாத எண்ணற்ற நூல்கள் வந்து நிற்கும். சொல்வளத் தொகுப்பு உருவாக்குவோர் இத்தாள்களை நீக்காவிடின் 'திருப்பித் தருதல்', 'தண்டம்' போன்ற கருத்துகளுக்கு உரிய சொற்கள் பழைய உரைநடையில் மிகுந்து வழங்கின என்னும் பொய்த்தோற்றம் உண்டாகும். இந்திய மொழி எழுத்துகளை நெடுங்காலம் படிக்க இயலாதிருந்த மென்பொருள், அந்நூல்களிலும் ஆங்கிலச் சீட்டை மட்டும் சரியாகப் படித்தது இன்னுமொரு வேடிக்கை. நூல் முழுவதும் ஊமையாக இருக்க, அதன் தண்ட விதி மட்டும் பேசியது.

மாணவர் கட்டுரைகளில் நேரும் பிழையும் இதிலிருந்தே வருகின்றது. முதற்பக்கத்தில் கண்ட நூலகப் பெயரைப் பதிப்பகத்தின் பெயராகவும், முத்திரையில் கண்ட ஆண்டைப் பதிப்பாண்டாகவும் குறித்துவிடுகின்றனர். இந்திய மின்னூலகத்தின் தரவுக்குறிப்புகளிலேயே ஆண்டும் தலைப்பும் பிழைபட்டிருப்பது இதற்குத் துணைசெய்கின்றது. பதிப்பாண்டைத் தலைப்புப் பக்கத்திலிருந்தோ அதன் பின்புறத்திலிருந்தோ மட்டுமே எடுக்கவேண்டும் எனவும், ஆண்டு அறுபதாண்டுச் சுழற்சிப் பெயரால் குறிக்கப்பட்டிருப்பின் நூலகத்தின் சேர்க்கை நாள் அதற்குப் பின்னெல்லையாக உதவும் எனவும் வகுப்பிலேயே கற்பித்தல் நன்று. இங்குத் தடயம் பிழைக்கும் காரணமாகின்றது, பிழையைத் திருத்தவும் பயன்படுகின்றது.

மின்வடிவில் மீண்டும் தவணை

காகிதச் சீட்டு பொருளிழந்துவிட்டது எனக் கருதினால், விதி வேறு வடிவில் திரும்பியுள்ளதையும் காணவேண்டும். இணைய ஆவணக் காப்பகம் காப்புரிமையுள்ள நூல்களைத் தான் வைத்திருக்கும் படிக்கு ஒருவர் என்னும் கணக்கில் மின்வடிவில் இரவல் தந்தது. ஒரு மணிநேரத் தவணையும் 14 நாள் தவணையும் உண்டு. தவணை முடிந்ததும் நூல் தானே மூடிக்கொள்ளும். தண்டம் தேவையில்லை. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது அது ஒரு படிக்கு ஒருவர் என்னும் வரம்பைத் தற்காலிகமாக நீக்கியது. பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. 2023இலும், மேல்முறையீட்டில் 2024 செப்டம்பரிலும் தீர்ப்பு பதிப்பகங்களுக்குச் சார்பாக அமைந்தது. எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்பாட்டிற்கே என்பது. அதே ஆண்டு மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் ஊர் ஊராக நூல் சென்றது. வண்டியில் சென்ற நூலில் எத்தனை முறை சென்றது என்பதற்குத் தடயம் தங்க இடமிருந்தது. தானே மூடிக்கொள்ளும் மின்னிரவலில் வாசகர் காணத்தக்க தடயம் எதுவும் நூலில் தங்குவதில்லை. பதிவு வழங்கும் நிறுவனத்தின் கணினியில் இருக்கும், நூலில் இராது.

படியெடுப்போர்க்குச் சில

கோலா கங்சார், சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பள்ளிகளிலும் வீடுகளிலும் எஞ்சிய நூல்களை மாணவர் துணையுடன் ஆசிரியர்களே கைப்பேசியால் படியெடுக்கும் முயற்சிகளில் இறங்கலாம். அப்போது தலைப்புப் பக்கத்திலிருந்து தொடங்குதல் கூடாது. அட்டையின் வெளிப்புறம், உட்புறம், வெற்றுத்தாள்கள், பின்னட்டையின் உட்புறம் ஆகியவற்றையும் படமெடுக்கவேண்டும். நூற்பையில் அட்டை இருப்பின் வெளியே எடுத்து இருபுறமும் தனித்தனியே எடுக்கவேண்டும். ஒரு சீட்டின் மேல் மற்றொன்று ஒட்டியிருந்தால் உரித்தல் தகாது. ஓரத்தில் தெரியும் அளவைப் பக்கவாட்டு ஒளியில் எடுத்தாலே போதும். ஊதா மை முத்திரைகள் கறுப்பு வெள்ளைப் படத்தில் மறைந்துவிடுமாதலின் வண்ணத்திலேயே எடுக்கவேண்டும். ரெக்சின் அட்டையிட்டு மறுகட்டு செய்ய நூலை அனுப்புமுன் இதனைச் செய்துவிடவேண்டும். கட்டுவோர் முதலிற் கிழித்தெறிவது சீட்டுள்ள தாளையே.

பயிற்சிப் புத்தக வடிவிலான இரவல் பதிவேடு கிடைத்தால் அதனை முழுமையாகப் படமெடுத்து, மாணவர் பெயர்கள் உள்ள பத்தியை மறைத்த படி ஒன்றைத் தனியே செய்துகொள்ளலாம். அதிலுள்ளோர் இன்றும் நம்மிடையே வாழக்கூடும். பெயரின்றி வகுப்பும் ஆண்டும் நூற்பெயரும் இருந்தாலே ஆய்வுக்குப் போதும். பட்டியலில் 'இப்படியின் குறிப்புகள்' என ஒரு பத்தி சேர்த்து, முத்திரையின் சொற்களை உள்ளவாறே, எழுத்துப் பிழையும் உட்பட, பெயர்த்தெழுதலாம். தவணைச்சீட்டின் முதல் நாளையும் இறுதி நாளையும் மொத்த முத்திரைகளின் எண்ணிக்கையையும் அதே பத்தியிற் சேர்த்துவிட்டால், பத்துப் பள்ளிகளின் பட்டியல்களை அருகருகே வைத்து ஒப்பிட இயலும்.